குலுங்காத சரக்கு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. திருச்சுழியில் குண்டாற்றுத் தண்ணீரில் இடுப்பளவு நின்று சத்தியம் செய்வதுதான் முறை. ஆற்றில் தண்ணீர் இல்லாத காரணத்தால், மணலில் இடுப்பளவு குழி தோண்டி, அதற்குள் இறங்கி நின்று செய்த சத்தியம் இது. எந்தக் கோர்ட்டிலும் செல்லும்.

பாளையம்பட்டியில் மூன்று தலைமுறையாக மிளகாய் வத்தல் வியாபாரம் செய்யும் குடும்பத்தில், வத்தல் ஆகாத உடம்போடு பிறந்தவன் சௌந்தரபாண்டியன். நூறு அடி தூரத்தில் மூட்டையை அவிழ்த்தால் அவனுக்கு மூக்கு அரிக்கும். ஐம்பது அடியில் கண் சிவக்கும். வத்தல் அடுக்கியிருக்கும் கிட்டங்கிக்குள் காலை வைத்துவிட்டால் தும்மல். அது சாதாரணத் தும்மல் இல்லை. 1991ஆம் வருஷம் வரத்து அதிகமாக இருந்த ஒரு நாள், ஆள் பற்றாமல் அவனைக் கிட்டங்கியில் உட்கார வைத்தார்கள். பதினொரு மணிக்குத் தொடங்கிய தும்மல் நூற்றுப் பதினேழில் நின்றது. நடுவில் ஒரு தும்மலை நூல் மில்லின் சங்கு என்று நினைத்துக்கொண்டு முதல் ஷிப்டு ஆட்கள் பாதி வேலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மில்லிலிருந்து சூப்பர்வைசர் வந்து சண்டை பிடித்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு அவனுக்கு விலா எலும்பில் கீறல் விழுந்தது. மதுரையில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பு சேர்ந்துவிடும், நுரையீரல் சேராது என்றார். இந்தத் தூசியில் தொடர்ந்து இருந்தால் பத்து வருஷம் தாங்காது என்பதை அவர் மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை பீஸ் வாங்கிக்கொண்டு சொன்னார்.

அதிலிருந்து சௌந்தரபாண்டியன் வேறு தொழில் தேடினான். சோடாக் கடை வைத்தான். பத்து வருஷமாகப் பெய்யாத மழை அந்தக் கோடையில் பெய்தது. சரியென்று குடை வாங்கிப் போட்டான். அப்புறம் பெய்யவில்லை. மழை இவனுடைய கடைப் பலகையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கமுதிப் பக்கத்து விவசாயிகள் இரண்டு பேர் நேரில் வந்து, மறுபடி சோடாக் கடை வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டதும் உண்டு.

அவனுடைய அண்ணன் சண்முகவேல் கெட்ட மனிதர் இல்லை. அப்பா போன பிறகு வியாபாரம் முழுவதையும் ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தியவர். வத்தல் என்றால் அவருக்குக் கை பேசும். ஒரு வத்தலை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்குவார். உள்ளே விதை கலகலவென்று ஆடினால் நல்ல காய்ச்சல், நயம் சரக்கு. சத்தம் வரவில்லை என்றால் ஈரம், மூட்டையில் போட்டால் பூசணம் பிடிக்கும். அந்தச் சத்தத்தை வைத்து அது எந்த ஊர் வத்தல், எந்தக் கிணற்றுத் தண்ணீர், பறித்த அன்றைக்கு அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை உண்டா இல்லையா என்பது வரைக்கும் சொல்வார். சண்டை விஷயத்தில் மட்டும் ஓரிரு தடவை தப்பியிருக்கிறது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் முடிந்த மறுநாள் சாமி படத்துக்கு முன்னால் நின்று, வருகிற வருஷத்துக்கு யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக்கொள்வார்கள். பிரித்தால் பிரித்ததுதான். 1998 தை மாதம் சண்முகவேலுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. ஒரு வாரம் யோசித்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டார்.

"இந்தப் பங்குனிப் பொங்கலுக்குள்ள உனக்குன்னு ஒரு தொழில் நிக்கணும் தம்பி. நிக்கலேன்னா மறுநாள் கிட்டங்கிச் சாவியை வாங்கிக்க. நான் எத்தனை காலத்துக்கு மூட்டைக்கு நடுவுல கெடக்க?"

சௌந்தரபாண்டியன் தலையை ஆட்டினான். அண்ணன் சொன்னதில் குற்றம் கண்டுபிடிக்க அவன் ராத்திரி முழுக்க முயற்சி செய்தும் ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த மாதமே மதுரையில் ஒரு மாடியில் அந்த அறையைப் பார்த்தான். கண்ணாடிக் கதவு. உள்ளே ஏ.சி. நான்கு பேர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கார் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மணிக்கு முப்பது ரூபாய் கொடுத்து ஓட்டினார்கள், வெளியே இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள். அவன் மனதைப் பிடித்தது கூட்டம் இல்லை. கதவில் ஒட்டியிருந்த தாள். 'செருப்பை வெளியே விடவும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது.' அதை மூன்று தடவை படித்தான். தன்னைப் போலவே ஒரு பிறவி இந்த உலகத்தில் இருப்பது அவனுக்கு அன்றுவரை தெரியாது.

பக்கத்தில் அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் முருகேஸ்வரி டீச்சர். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர், ஒரு வருஷம் மதுரைக்குத் தினமும் பஸ்ஸில் போய்க் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவர். கம்பெனிப் பெட்டி வாங்கினால் கட்டுப்படியாகாது, சாமான்களைத் தனித்தனியாக வாங்கி வந்தால் தானே மாட்டித் தருவதாகச் சொன்னார். பன்னிரண்டு டைப்ரைட்டர்கள் ஒரே சமயத்தில் தடதடத்துக்கொண்டிருந்த அறையில், ஒரு தாளில் வரிசையாக எழுதினார். மதர்போர்டு, பிராசசர், ராம், ஹார்ட் டிஸ்க் என்று போய், த்ரீ டி கார்டு என்ற இடத்தில் மட்டும் கீழே இரண்டு கோடு போட்டார்.

"எதை வேணாலும் குறைங்க அண்ணே, இதைக் குறைச்சுராதீக. மத்தது சொங்கியா இருந்தா பெட்டி மெதுவா ஓடும், அம்புட்டுத்தான். இது இல்லேன்னா காரே தெரியாது. கட்டம் கட்டமா எதோ நகரும். அதுக்கு எவன் முப்பது ரூவா குடுப்பான்?"

வீட்டில் எந்த விலையையும் சண்முகவேல் மூட்டையாக மாற்றித்தான் புரிந்துகொள்வார். அவர் கொடுப்பதாகச் சொன்னது இருபத்தைந்து மூட்டை வத்தல் விலை. டீச்சரின் சீட்டு நாற்பது மூட்டைக்கு வந்தது. அண்ணனும் தம்பியும் சீட்டை நடுவில் வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்தார்கள். எல்லாவற்றையும் மூடிவைக்கும் வெளிக்கூடு எதற்கு, நல்லெண்ணெய் டின் ஒன்றைப் பக்கவாட்டில் வெட்டிக்கொள்ளலாம் என்றார் சண்முகவேல். ஸ்பீக்கர் போயிற்று, சத்தமில்லாமல் கார் ஓட்டினால் அக்கம்பக்கத்துக்கும் நல்லது. சி.டி. டிரைவை இன்ஸ்டிட்யூட்டிலிருந்து ஒரு நாள் இரவல் வாங்கிக்கொள்வது. மானிட்டர், விருதுநகரில் மூடப்போகிற ஒரு கம்பெனியில் பழசு. பிராசசரில் ஒரு படி கீழே, ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு படி கீழே. இருபத்தைந்து மூட்டைக்கு வந்தபோது சீட்டில் அடிக்காமல் மிஞ்சிய பெரிய சாமான் அந்த இரண்டு கோடு போட்டது ஒன்றுதான். ஐந்து மூட்டை.

"கையளவு கூட இல்லாத சாமானுக்கு அஞ்சு மூட்டையா" என்று சண்முகவேல் அதன் மேல் விரலை வைத்தார். சௌந்தரபாண்டியன் சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டான். அண்ணன் விரலை எடுத்துவிட்டார்.

சௌந்தரபாண்டியனின் மனைவி கஸ்தூரி காபியைக் கொண்டுவந்து வைத்தவள், அந்தச் சீட்டை ஒரு பார்வை பார்த்தாள்.

"குடையில இன்னும் எழுவத்தெட்டு மிச்சம் கெடக்கு. காரு ஓட்ட வாரவுகளுக்கு ஆளுக்கொண்ணு பிடிச்சுக்கிறச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஆனால் மறுநாள் எண்ணெய் டின்னைச் சீயக்காய் போட்டு நான்கு தடவை கழுவி வைத்தவளும் அவள்தான்.

மாசி கடைசியில் அண்ணனும் தம்பியும் மதுரைக்குப் போனார்கள். மாதிரி பார்க்காமல் சரக்கு எடுப்பது அந்தக் குடும்பத்தில் கிடையாது. எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் ஹார்ட் டிஸ்க்குகளை எடுத்து வைத்ததும், சண்முகவேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒன்றைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினார். சத்தமில்லை. கீழே வைத்துவிட்டு அடுத்ததைக் குலுக்கினார்.

கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து, அதைக் குலுக்கக் கூடாது என்றார். "குலுக்காம எடுக்குறதுக்கு நான் என்ன லாட்டரிச் சீட்டா வாங்க வந்திருக்கேன்" என்றார் சண்முகவேல். அடுக்கிலிருந்த பதினோரு டிஸ்க்கையும் குலுக்கிப் பார்த்து, பதினொன்றும் ஈரம் என்று தள்ளினார். கடைசியில் மேஜைக்கு அடியில் ஓர் அட்டைப் பெட்டியில் கிடந்த ஒன்றை அவரே எடுத்துக் குலுக்கினார். கலகலவென்று ஆடியது. முகம் மலர்ந்துபோனது.

"இதைப் போடுங்க. நல்லாக் காஞ்ச சரக்கு."

அது உடைந்துபோய்த் திரும்பி வந்தது என்று கடைக்காரர் சொன்னார். நல்லதைக் கீழே ஒளித்து வைப்பது வியாபாரத்தில் தனக்குத் தெரியாததா என்று சண்முகவேல் சிரித்தார். சௌந்தரபாண்டியன் அவர் கையிலிருந்து அதை வாங்கிக் கீழே வைத்தான். முப்பத்தோரு வயதில் அவன் அண்ணன் கையிலிருந்து வாங்கிய முதல் பொருள் அது.

"இது வத்தல் இல்லண்ணே. இதுல குலுங்காததுதான் நயம்."

சண்முகவேல் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டார். மீதிச் சாமான்களைத் தம்பியே எடுத்தான். மதர்போர்டைத் திருப்பிப் பார்த்தான், பிராசசரின் ஊசிகளை வெளிச்சத்தில் பார்த்தான், மூன்று த்ரீ டி கார்டுகளில் டீச்சர் எழுதிக் கொடுத்த எண்ணை ஒப்பிட்டு ஒன்றை எடுத்தான். அவன் எடுத்த ஒவ்வொன்றும் சரியான சாமான். அந்தப் பணத்துக்கு மதுரையில் அன்றைக்கு அதைவிட நல்லதாக யாராலும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பிற்பாடு அவனே மாற்றிச் சொன்னான். பை கட்டும்போது கடைக்காரர் ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னார். ஈரம் மட்டும் ஆகவே ஆகாது, கை ஈரத்தோடு கூடத் தொடக் கூடாது.

பஸ் காரியாபட்டி தாண்டியதும் சண்முகவேல் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

"ஈரம் ஆகாதுன்னு அவனே சொல்றான். ஒண்ணும் குலுங்கவும் இல்ல. யோசிச்சியா?"

சௌந்தரபாண்டியன் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூங்குவது போல இருந்தான். பதில் சொல்லியிருக்க வேண்டும்.

டீச்சருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஒழியும் என்பதால், சனிக்கிழமை காலையில் அவன் மானிட்டரை எடுக்க விருதுநகர் போனான். அன்றைக்கு அடித்த வெயிலைப் பற்றி அதிகம் சொன்னால் நம்ப மாட்டார்கள். பஸ் டிக்கெட்டில் இருந்த எழுத்து ஆவியாகிவிட்டது; வழியில் ஏறிய செக்கிங் ஆள், நாற்பத்திரண்டு பயணிகளுக்கும் அபராதம் போட்டார், கண்டக்டர் சாட்சி சொல்லியும் கேட்கவில்லை. அபராதத்துக்கு அவர் கொடுத்த ரசீதும் குமாரலிங்கபுரம் வருவதற்குள் வெள்ளைத் தாளாகிவிட்டது.

திரும்பி வரும்போது மத்தியானம் மூன்று மணி. பாளையம்பட்டிக்குள் பஸ் நுழையும்போது ரோட்டோரத்தில் அவர்களுடைய களம் தெரிந்தது. கண்ணுக்கெட்டிய மட்டும் சிவப்பாக வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. சிவப்புக்கு நடுவில் ஓர் இடத்தில் பச்சையாக என்னவோ மின்னியது. சௌந்தரபாண்டியன் மானிட்டரைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினான். தும்மல் தொடங்கிவிட்டது. தும்மிக்கொண்டே களத்துக்கு நடந்தான்.

சண்முகவேல் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு வத்தலுக்குள் நடந்து, காலால் துழாவிப் புரட்டிக்கொண்டிருந்தார். வத்தலோடு வத்தலாக, மானிட்டர் போக மிச்சம் இருபத்திரண்டு மூட்டைச் சாமானும் காய்ந்துகொண்டிருந்தது. களத்து ஆட்கள் யாரையும் அவர் பக்கத்தில் விடவில்லை. காலை எட்டு மணியிலிருந்து ஒற்றை ஆளாக அவரே புரட்டினார் என்பது பிறகு தெரிந்தது. தம்பி வருவதைப் பார்த்ததும் குனிந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்து, அவன் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கிக் காட்டினார். கலகலவென்று ஆடியது.

"இப்பக் கேளு. அந்த அஞ்சு மூட்டைச் சின்னதுதான் ரொம்ப ஈரம் வச்சிருந்துச்சு, மூணு தடவை புரட்டினேன். உன் சரக்குன்னுதான் வேற ஆளு யாரையும் தொட விடல."

சௌந்தரபாண்டியன் சாமான்களைப் பார்த்தான். ராம் இரண்டும் அப்பளம் போல வளைந்திருந்தன. மதர்போர்டில் இருந்த சின்னச் சின்னக் குப்பிகள் நெல்லிக்காய் கணக்காக உப்பியிருந்தன. பிராசசரின் ஊசிகள் காற்றடித்த சோளக்கொல்லை மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. த்ரீ டி கார்டின் மேல் ஒரு வத்தல் அழகாக ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தபோது கார்டும் கூடவே வந்தது. அப்புறம் அவன் அண்ணனின் கால்களைப் பார்த்தான். சர்க்கரைக்காரர் கால். இரண்டு பாதத்திலும் கொப்புளம் எழும்பி, சில உடைந்து, அதற்குள் மிளகாய்த் தூள் ஏறியிருந்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தார்.

தும்மல் இருந்தது நல்லதாகப் போயிற்று. கண்ணில் தண்ணீர் வந்ததற்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முருகேஸ்வரி டீச்சர் வந்தார். சாமான்களை மூடியிருந்த துணியை விலக்கிப் பார்த்தார். அறை வாசலில் சண்முகவேல் காலில் கட்டோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தேங்காய், பழம், சூடம்.

"அண்ணே, இது வந்து..." என்று டீச்சர் சௌந்தரபாண்டியனிடம் குரலைத் தாழ்த்தினார்.

"தெரியும் டீச்சர். அவுக பாத்துக்கிட்டு இருக்காக. நீங்க மாட்டுங்க."

டீச்சர் அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்து, சாய்ந்து கிடந்த ஊசிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தத் தொடங்கினார். முந்நூற்றுச் சொச்சம் ஊசி. அதற்கே இரண்டு மணி நேரம் ஆனது. பாதியில் கஸ்தூரி வந்து, ஒன்றும் கேட்காமல், தன் தலையிலிருந்தும் இரண்டு ஹேர்பின்னைக் கழற்றிக் கொடுத்தாள். எதற்கும் உதவப்போவதில்லை என்று தெரிந்த ஒரு வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. எண்ணெய் டின்னுக்குள் எல்லாம் அடங்கியது. சண்முகவேல் நொண்டிக்கொண்டே போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். சௌந்தரபாண்டியன் சுவிட்சைப் போட்டான்.

உள்ளே சூடு தணிக்க மாட்டியிருந்த சின்னக் காத்தாடி சுற்றியது. காயப்போட்ட இருபத்திரண்டு மூட்டையில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான். அதுவும் நன்றாகச் சுற்றியது. ஒரு நாள் முழுக்கச் சந்து பொந்தெல்லாம் ஏறிய மிளகாய்த் தூள் அத்தனையையும் ஒரே மூச்சில் டின்னுக்கு வெளியே ஊதியது. ஊதிய திசையில் அவன் முகம் இருந்தது.

எத்தனை தும்மல் என்று யாரும் எண்ணவில்லை. டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். மூன்றாவது தெருவில் கட்டியிருந்த எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு போனது. செவ்வாய்க்கிழமை மல்லாங்கிணற்றில் பிடித்தார்கள். தூள் அடங்கியபோது மானிட்டர் இருட்டாகவே இருந்தது. அதில் சௌந்தரபாண்டியனின் முகம் தெரிந்தது, அவ்வளவுதான்.

"என்னப்பா ஆச்சு?" என்றார் சண்முகவேல்.

வாசலுக்குத் திரும்பி வந்திருந்த டீச்சர் வாயைத் திறந்தார். சௌந்தரபாண்டியன் அவரைப் பார்த்து வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினான். பிறகு சுவிட்சை அணைத்தான்.

"சோடை அண்ணே. நான் எடுத்தது பூராம் சோடை."

சண்முகவேல் கோபப்படவில்லை. நாளைக்கே மதுரைக்குப் போய்க் கடைக்காரனை ஒரு கை பார்க்கலாம் என்று எழுந்தார். அந்த வியாபாரத்தில் ஒரு தடவை மாட்டிய சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டார்கள் என்று தம்பி சொன்னான். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்கே அந்தக் குலுங்குறதை எடுன்னேன். உனக்குச் சரக்குப் பாக்கத் தெரியலப்பா. தப்பில்ல. கிட்டங்கியில இருந்தா தன்னாலே வந்துரும்."

பதினாறாவது நாள் பங்குனிப் பொங்கல். முடிந்த மறுநாள் சாமி படத்துக்கு முன்னால் சாவி கை மாறியது. கஸ்தூரி ஒரு துண்டை நனைத்து மூன்றாக மடித்து அவன் முகத்தில் கட்டிவிட்டாள். முடிச்சுப் போட அவளுக்கு வெகு நேரம் பிடித்தது. அந்த வருஷம் நல்ல விளைச்சல். கூரை வரைக்கும் மூட்டை அடுக்கியிருந்தது, ஜன்னலையும் சேர்த்து அடைத்து அடுக்கியிருந்தார்கள். சௌந்தரபாண்டியன் கதவைத் திறந்து உள்ளே போனான். வெளியே சண்முகவேல் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, இத்தனை வருஷம் கழித்துத் தம்பி வழிக்கு வந்துவிட்டான் என்று வருவோர் போவோரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து தும்மல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சாயங்காலம் அது இருமலாக மாறியது.

மணலில் நின்று செய்த சத்தியம் என்பதால் இதையும் சொல்லிவிட வேண்டும்: சண்முகவேல் அவர் அப்பா அம்மாவுக்கு ஒரே பிள்ளை, தம்பி என்று யாரும் பிறக்கவே இல்லை.